விசா கவுன்டரில் அணு ஒப்பந்தம்

விஜயநகர், மைசூர்
15-11-1999

சௌபாக்கியவதி மஹதிக்கு அப்பா கணபதிராமன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. நீ, மாப்பிள்ளை, வயிற்றில் இருக்கும் குட்டி மூவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உனக்கு இதை எழுத எனக்கு முகமில்லை.

தை மாதம் உன் பிரசவத்துக்கு எங்களால் அமெரிக்கா வர முடியாது, அம்மா. தப்பு முழுக்க என்னுடையது. வெள்ளிக்கிழமை சென்னையில் விசா நேர்காணல். முப்பது வருஷம் ரயில்வே ஆபீஸில் ஃபைல் கட்டிய பழக்கம், எல்லாக் காகிதத்தையும் ஒரே ஃபைலில், கடைசியாக வந்தது மேலே இருக்கும்படி கோத்திருந்தேன். கவுன்டரில் இருந்த அமெரிக்கப் பெண்மணி திறந்தால், மேலே இருந்தது உன் அழைப்புக் கடிதம் இல்லை, முந்தின வாரம் இங்கிலீஷ் பத்திரிகையில் வந்த என் வாசகர் கடிதம்: 'அணுகுண்டு வைத்திருக்கும் ஐவர் அடுத்தவருக்கு உபதேசம் செய்யலாமா?' இது என்ன என்று கேட்டாள். பக்கத்தைத் திருப்பியிருக்கலாம். நான் விளக்கினேன். அணுகுண்டுச் சோதனையே கூடாது என்று எல்லாரையும் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள், இந்தியா போடாவிட்டால் ஒப்பந்தம் அமலுக்கே வராது என்று எங்கள் சம்மதமில்லாமல் எழுதிவைத்தீர்கள், போன மாதம் உங்கள் செனட்டே அதைத் தள்ளிவிட்டது, இது எந்த ஊர் நியாயம் என்று பத்து நிமிஷம் பேசினேன். உங்கம்மா முழங்கையால் இடித்துப் பார்த்தாள். "சும்னே இருங்கோன்னா, கொழந்தையைப் பாக்கப் போகணும்" என்றாள். அந்தப் பெண்மணி எதையோ எழுதிக்கொண்டு, மூன்று மணிக்கு பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

வெட்கத்தில் நான் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மாதான் வாங்கி வந்து பையில் வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை; அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன். ரயிலில் மைசூர் வரும்வரை "விசாலாக்ஷி, தப்பு என்னுது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நீ பிறந்தபோது அரசிகெரேயில் மாற்றலில் இருந்தேன், மூன்றாம் நாள்தான் உன்னைப் பார்த்தேன். உன் குழந்தையையாவது முதல் நாளே கையில் வாங்க ஆசைப்பட்டேன். மன்னித்துவிடு.

சாமுண்டேஸ்வரி உங்கள் இருவரையும் தாயும் சேயுமாகக் காப்பாற்றட்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அம்மா இதை வாங்கிப் படித்தாள். பீரோவிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து என் முன்னால் பிரித்து வைத்தாள். இரண்டிலும் விசா இருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க தப்பு என்னுதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்லை. இன்னும் ரெண்டு நாள் கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள். புறப்படுவதற்கு ஒரு நிபந்தனையும் எழுதி நீட்டினாள். உன் வீட்டில் நான் உலக விவகாரம் பேசக் கூடாதாம், அவள் மட்டும் எதைப் பற்றியும் பேசலாமாம். இவ்வளவு அநியாயமான ஒப்பந்தத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.