அக்கா அனுப்பிய இருமல் மருந்து

என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்த அக்காவுக்கு, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தம்பி எழுதுவது. இங்கே நானும் என் பெண்டாட்டியும் கடையின் சுழல் நாற்காலியும் சுகம். அங்கே நீயும் அத்தானும் அத்தானுடைய குறட்டையும் சுகம்தானே?

போன மாதக் காய்ச்சல் விட்ட பிறகும் நெஞ்சுப் படபடப்பு விடவில்லை. பாதி முடி வெட்டிய தலையோடு ஒருவரை உட்கார வைத்துவிட்டு நான் மூச்சு வாங்கிப் பெஞ்சில் படுத்தேன். இதயத் தசையில் அழற்சி இருக்கலாம், கவனிக்காமல் விட்டால் இதயமே தளர்ந்துவிடும், அது உண்டா இல்லையா என்று தெரியும்வரை கடையைத் திறக்காதே என்றார் டாக்டர். அதற்கு ஒரு படம் எடுப்பார்களாம். துளிக் கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றினால், புண்பட்ட இடம் அதைத் தின்றுவிட்டுப் படத்தில் பளிச்சென்று தெரியும், விருந்து வீட்டில் அத்தான் தெரிகிற மாதிரி. நல்ல இடமும் சர்க்கரைக்கு ஆசைப்படாமல் இருக்க, முந்தின நாள் முட்டையும் கறியும் மட்டும்தான். சோறு, ரொட்டி, இனிப்பு கூடாது, அப்புறம் பட்டினி. கறி தின்னச் சொன்ன டாக்டர் காலில் நான் விழாததுதான் பாக்கி.

படம் எடுத்த பெண் திரையைப் பார்த்துத் திகைத்துவிட்டாள். "என்னய்யா சாப்பிட்டீங்க? இதயம் மொத்தமும் எரியுது. இதுல புண்ணு எது, நல்லது எதுன்னு எப்படிப் பாக்குறது?"

அக்கா அனுப்பின இருமல் மருந்து, பாகு மாதிரி இருந்துச்சு, ரெண்டு மூடி குடிச்சேன் என்றேன். எல்லாரும் உன்னைத் திட்டினார்கள். நான் தடுக்கவில்லை.

மறுவாரம் மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை பெண்டாட்டி காவல். படத்தில் இதயம் இருட்டு, ஓரத்தில் ஒரே ஒரு பொட்டு வெளிச்சம். "சின்னதுதான், மாத்திரைக்கு அடங்கிடும். மூணு மாசத்துல கடையைத் திறக்கலாம்" என்றார் டாக்டர். இவள் வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதாள். எனக்கு இதயம் இருக்குன்னு இப்பவாவது நம்புறியா என்று கேட்டேன், கிள்ளிவிட்டாள்.

ஆகவே அக்கா, இனிமேல் பாசத்தைப் பாட்டிலில் அடைத்து அனுப்பாதே. நான் வந்து வெட்டும்வரை உன் பிள்ளைகளின் முடி காடாக வளரட்டும்.

உன் அருமைத் தம்பி

பி.கு: அண்ணி, இது உங்கள் தம்பி பெண்டாட்டி எழுதுவது. உங்கள் மருந்து மூடிகூடத் திறக்காமல் அலமாரியில் இருக்கிறது. கடையில் அழும் குழந்தைகளுக்கு வைத்திருந்த மிட்டாய் டப்பாதான் காலி. முதல் படத்துக்கு முந்தின நாள் அவர் போட்டிருந்த சட்டைப் பையில் பதினேழு மிட்டாய்க் காகிதம் எடுத்தேன். ஏன் தின்னீங்க என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார்: "அழுற பிள்ளைக்குத்தானே குடுக்கிறது. அன்னைக்கு எனக்கும் அழுகையா வந்துச்சு."