பிரேக் ஆயில் சட்டம்

வெள்ளிக்கிழமை காலை, மூன்றாவது இட்லிக்கும் நான்காவது இட்லிக்கும் நடுவே, பஷீர் அகமது ஒரு சட்டம் இயற்றினார்.

"பிரேக் ஆயில் செக் பண்ணி ஊத்தத் தெரியாதவங்க நம்ம அம்பாசிடரத் தொடக்கூடாது."

சட்டம் யாருக்காக என்பது வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். அவர் மனைவி நஜ்மா லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அது பீரோவில் புடவைக்கடியில் தூங்குகிறது. அவலூர்பேட்டையில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருக்கிறது. தானே ஓட்டிக்கொண்டு போய் அம்மாவை அழைத்து வர வேண்டும் என்று நஜ்மாவுக்கு ஆசை. மூன்று நாளாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அவர்கள் ஊரில் இருக்கும் செஞ்சிக் கோட்டை எத்தனையோ பேரிடம் கைமாறியிருக்கிறது. பஷீரின் ஜிப்பாப் பையில் இருக்கும் சாவி மட்டும் கைமாறியதில்லை. அவருடைய அத்தா வாங்கிய அறுபத்தொன்றாம் வருஷத்து வண்டி அது. பக்கத்து சீட்டில் நஜ்மா உட்கார்ந்து, எதிரே லாரி வருகிறதே என்று பயந்து தரையை மிதித்தால், "அந்தப் பக்கம் பிரேக் கெடையாது, காலச் சும்மா வெச்சிக்கினு வா" என்பார். பதினெட்டு வருஷமாக அதே நகைச்சுவைதான். சிரிப்பதும் அவரேதான்.

"சட்டம் எல்லாருக்கும் பொதுவா?" என்று கேட்டாள் நஜ்மா.

"சட்டம்னா பொதுதான்."

"தெரியாதவங்க யாரா இருந்தாலும், தெரிஞ்சவங்க கிட்ட சாவியக் குடுத்துடணும்?"

"யாரா இருந்தாலும்."

"அப்ப ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. பாத்துக்கறேன்."

நான்காவது இட்லி பாதியில் நின்றது. வண்டி பஷீருடையதுதான். வைத்தியமெல்லாம் மெக்கானிக் பீமாராவ் கையில். வெளியூர் கிளம்பினால் முதலில் அவருடைய ஷெட்டில் நிறுத்துவார்கள். பீமாராவ் ஸ்பேனரை எடுத்ததும் பஷீர் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது வண்டி தயாராக இருக்கும். அதை ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் 'தெரியாது' என்று சொல்ல மட்டும் அவருக்குத் தெரியாது.

வாசலுக்கு வந்து பானட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் தெரிந்தது, பேட்டரி தெரிந்தது. மற்ற எதையும் அவர் இதற்கு முன் சந்தித்ததில்லை. சின்னதாக ஒரு பித்தளை மூடி பளிச்சென்று இருந்தது.

"இதான்."

"அது கார்புரேட்டருங்க."

"தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

"சரி, பிரேக் ஆயில் டப்பா எங்க?"

"பழைய மாடல். கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும்."

உள்ளே தள்ளித் தள்ளித் தேடினார். ஜிப்பாவின் கை முழங்கை வரை கறுத்தது. வெள்ளை ஜிப்பா, தொழுகைக்குப் போக எடுத்து வைத்தது. கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"இந்த மாடல்ல பிரேக் ஆயிலே கெடையாதுன்னு நெனைக்கிறேன்."

"பின்ன வண்டி இன்னாத்துல நிக்குது?"

"பழக்கத்துல."

நஜ்மா சிரிக்கவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். கால் வைக்கும் ரப்பர் பாயைச் சுருட்டினாள். அடியில் ஒரு தகட்டு மூடி. ஸ்குரூவைக் கழற்றித் தகட்டை எடுத்தாள். பதினெட்டு வருஷமாகத் தன் செருப்புக்கு அடியிலேயே இருந்த டப்பாவை பஷீர் அன்றுதான் பார்த்தார்.

"தொறக்கறதுக்கு முன்னாடி சுத்தித் தொடைக்கணும். தூசி விழுந்துச்சின்னா போச்சு" என்று துடைத்தாள். மூடியைத் திருகி, டார்ச் அடித்தாள். "ஒரு வெரக்கடை கொறஞ்சிருக்குது." நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் குனிந்து பார்த்தாள், ஒழுகல் இல்லை. சமையலறையிலிருந்து சீல் உடைக்காத டின் ஒன்றை எடுத்து வந்தாள்.

"நான் போன வருஷம் வாங்கினதே பாதி கெடக்குதே."

"தொறந்து வெச்சது ஈரத்த இழுத்துக்கும். அது ஆவாது. அந்தத் துண்டக் குடுங்க, ஆயில் பெயிண்ட்ல பட்டா பெயிண்ட்டத் தின்னுடும்."

சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றி மூடினாள். பெடலை மிதித்துப் பார்த்தாள். கல்லு மாதிரி நின்றது.

"இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான்."

"நானா?"

"நீங்க டீ குடிக்கப் போயிடுவீங்க. ஷெட்ல பொம்பளைக்கு உக்கார ஒரு ஸ்டூல் உண்டா? பீமாராவ் அண்ணன் பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருப்பேன். பதினெட்டு வருஷம், எத்தினி டீ."

நஜ்மா உள்ளங்கையை நீட்டினாள். பஷீர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாவியை வைத்தார். மனசில்லாமல்தான் வைத்தார். ஆனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை மறைத்துக்கொள்ள வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்தார்.

தொழுகை முடிந்து கிளம்பினார்கள். வண்டி குலுங்காமல் ஊரைத் தாண்டியது. நஜ்மா கியர் மாற்றியது பஷீரின் காதுக்கே தெரியவில்லை. வளைவில் கரும்பு டிராக்டர் ஒன்று எதிரே ஆடி ஆடி வந்தது. பஷீரின் இரண்டு காலும் தானாகவே தரையை ஓங்கி மிதித்தன.

நஜ்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பக்கம் பிரேக் கெடையாதுங்க. காலச் சும்மா வெச்சிக்கினு வாங்க."