மறுபடி அண்ணேயும் என் அப்பா பெயரும்

பிரிக்பீல்ட்ஸில் எதையும் முதல் தடவையில் நம்பாத ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் மறுபடி அண்ணேதான். நாங்கள் எழுதும் புரோகிராம்களில் பிழை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். யார் என்ன குறை சொல்லிக்கொண்டு போனாலும் ஒரே பதில்தான்: "மறுபடி செஞ்சு காட்டு."

ஒருமுறை லிஃப்ட் பாதியில் நின்று, செக்யூரிட்டி கதவை நெம்பி அவரை வெளியே இழுத்தார். லிஃப்ட் ஓட ஆரம்பித்ததும் மனுஷன் திரும்ப உள்ளே போய் பட்டனை அழுத்தி, மறுபடி மாட்டிக்கொண்டார். இடுக்கு வழியாக வந்த குரலில் அத்தனை சந்தோஷம்.

"பாஸ், அதே இடம் லா! இப்ப கம்ப்ளெய்ன் பண்ணலாம்!"

வாழை இலைக் கடை ரசத்தில் உப்பில்லை என்றாலும் மூன்று டம்ளர் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் பரிமாறும் அக்காவிடம் சொல்வார். அதற்குள் ரசம் தீர்ந்திருக்கும்.

அப்போது நான் கிள்ளானிலிருந்து வந்துபோகும் புதுப் பெண், புரொபேஷனில் இருந்தேன். நாங்கள் புரோகிராம் எழுதும் எடிட்டரில் ஒரு வசதி உண்டு. சின்னச் சொல் ஒன்றைத் தட்டி டேப் பட்டனை அழுத்தினால், எழுதுபவர் பெயரோடு ஒரு மாதிரி வடிவம் திரையில் விரியும். மிச்சத்தை நாம் நிரப்பினால் போதும். எனக்கு மட்டும் பாதிதான் விரிந்தது. அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நான் அதிலேயே எழுதித் தள்ள, என் புரோகிராம்கள் எல்லாம் படுத்துவிட்டன.

"ரொம்ப கேர்லெஸ் லா நீங்க. மாசக் கடைசியில வேலைய பத்தி முடிவு பண்ணுவோம்" என்றார் மேனேஜர்.

அழாத குறையாக அண்ணேயிடம் போனேன். "அண்ணே, நான் ஒண்ணும் அழிக்கல."

"மறுபடி செஞ்சு காட்டு."

காட்டினேன். பாதிதான் வந்தது. என் மெஷினில் அவர் செய்தார், பாதி. அவர் மெஷினில் நான் செய்தேன், முழுசாக வந்தது. எடிட்டரைச் செய்த வெளிநாட்டுக் குழுவுக்கு எழுதினார். "எங்களிடம் அப்படி வரவில்லை" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மனுஷனுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

என் மெஷினில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தன் மெஷினுக்கு மாற்றிப் பார்த்தார். என் கீபோர்டு போனது, மவுஸ் போனது, மேசைப் பிள்ளையாரும் போனார். கடைசியில் மிஞ்சியது பெயர். மற்றவர்கள் எடிட்டரில் செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். அண்ணே 'பாஸ்' என்று வைத்திருந்தார். நான் மட்டும் ஐசியில், அதாவது அடையாள அட்டையில் உள்ளபடி, என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/பி' போட்டு, இன்னாருடைய மகள் என்று முழுசாக எழுதியிருந்தேன்.

அண்ணே தன் ஐசி பெயரை, மகன் என்பதற்கான 'ஏ/எல்' சகிதம் அடித்து டேப்பை அழுத்தினார். பாதிதான் விரிந்தது.

"எனக்கும் வந்துருச்சு!" பிள்ளை பிறந்த மாதிரி ஒரு கத்தல். மேனேஜர் பதறி ஓடி வந்தார்.

நடுவிலிருந்த சாய்கோட்டை ஏதோ கட்டளைக் குறியென்று நினைத்து எடிட்டர்தான் குழம்பியிருக்கிறது. மேனேஜருக்கும் அதை மறுபடி செய்து காட்டினார்.

"அவ்ளோதானா? அப்பா பேர எடுத்துட்டா முடிஞ்சுது" என்றார் மேனேஜர்.

வேலை நிலைத்தால் போதுமென்று நானும் அழிக்கப் போனேன். அண்ணே கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"எடுக்காதம்மா! தப்பு எடிட்டர் மேல. உங்கப்பா என்ன பண்ணாரு?"

வெளிநாட்டுக்காரர்களுக்கு மறுபடி எழுதினார். பிழையை வரவழைத்துப் பார்க்கும் வழிமுறையில் முதல் படி: 'எங்கள் ஊரில் மகள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஒரு சாய்கோடு உண்டு. அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.'

"எங்களுக்கும் வருகிறது, மன்னிக்கவும்" என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள்.

மாசக் கடைசியில் வேலை நிரந்தரமான கடிதத்தை முதலில் அண்ணேயிடம்தான் காட்டினேன். மேலே என் பெயரும் அப்பா பெயரும் முழுசாக இருந்தன. படித்தார், திருப்பிக் கொடுத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மறுபடி காட்டும்மா" என்றார்.

அந்த ஒரு தடவை மட்டும் அவர் கேட்டது நம்பாததால் அல்ல. எத்தனை தடவை கேட்டிருந்தாலும் காட்டியிருப்பேன்.