பொருந்தாத கையெழுத்து

"உங்கள் தபால் ஓட்டு உறையின் மேல் உள்ள கையெழுத்து எங்கள் பதிவுகளுடன் பொருந்தவில்லை. திங்கள் மாலை ஐந்து மணிக்குள் நேரில் வரவும்."

பர்டெட் கின்ஸ்லி கடிதத்தை மூன்று முறை படித்தார். அன்றைக்குத்தான் திங்கள். மணி பன்னிரண்டரை. தேர்தல் முடிந்து ஆறு நாளாகியிருந்தது. டயர் கடை வேலையில் தபால் பெட்டியை எட்டிப் பார்க்காததன் பலன், சாப்பாட்டுக் கடை முக்காலியில் உட்கார்ந்து இப்போது இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

"திருட்டு!" என்றார். "என் ஓட்டுல எவனோ கை வெச்சிருக்கான்!"

கடை முழுக்கத் திரும்பியது. கோடையிலிருந்தே அவர் சொல்லிவந்த விஷயம்தான் இது. அடையாள அட்டையைக் காட்டினால்தான் ஓட்டு என்று நெவாடா அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. இந்தத் தேர்தலில் மக்கள் ஓட்டுக்கு வந்த அந்தத் தீர்மானத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர். 'அட்டை எங்கே?' என்று அச்சடித்த பனியனைத்தான் அன்றும் போட்டிருந்தார்.

"உறையில உன் பேரை நீதானே எழுதின?" என்று கேட்டார் அடுத்த முக்காலியில் இருந்த லைல் டிராஸ்க். அடுத்த வீட்டுக்காரர். அட்டைத் தீர்மானத்துக்கு எதிராகத் தெருவில் பலகை நட்டிருந்த ஒரே ஆள்.

"நீ பேசாத லைல். என் தபால் பாதி உன் பெட்டிலதான் விழுது. எடுத்து என்னெல்லாம் பண்றியோ!"

"உன் கரண்ட் பில்லை எடுத்து வெச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்ணப்போறேன்?"

பர்டெட் எழுந்துபோய் வண்டியை எடுத்தார். தேர்தல் அலுவலகம் நாற்பது மைல்.

வழி நெடுக டெஸ் நினைவாகவே இருந்தது. டெஸ் அவருடைய மகள், எல்லைக்கு அந்தப் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறாள். போன குளிர்காலத்தில் நாலு மாதக் கர்ப்பம் கெட்டுப்போய் ரத்தம் போனபோது, அங்கே மருத்துவர்கள் கருக்கலைப்புத் தடைச் சட்டத்துக்குப் பயந்து இன்னும் பார்ப்போம், இன்னும் பார்ப்போம் என்றார்கள். கடைசியில் மருமகன் அவளைப் பின் சீட்டில் படுக்கவைத்து, நாலு மணி நேரம் ஓட்டி இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தான். பிழைத்தாள்.

கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கும் தீர்மானமும் இந்தத் தேர்தலில்தான் வந்தது. "அப்பா, நீ வாயாலதான் அரசியல் பேசுவ. இந்த ஒரு தடவை ஓட்டுப் போடுப்பா" என்று போனில் கேட்டாள். போட்டார். அட்டைத் தீர்மானம், இது, இரண்டுக்கும் 'ஆம்'. உறையில் தன் கையாலேயே பெயரை எழுதி, தானே தபாலில் சேர்த்தார்.

அலுவலகத்தில் இரண்டு மணி நேர வரிசைக்குப் பிறகு, ஈனெஸ் என்ற இளம்பெண் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"இதுதான் இந்த வருஷத்துக் கையெழுத்து. உங்களுதா சார்?"

"என்னுதுதான்."

"அப்போ இதெல்லாம்?"

அங்கே நாலு கையெழுத்துகள் இருந்தன. சாய்வாக, அழகாக, கடைசி எழுத்தின் வால் சுருண்டு. பர்டெட்டின் கையெழுத்தோ ஆணி கீறியது போல இருக்கும்.

"இதெல்லாம் எப்போ போட்டது?"

"கடைசி நாலு தேர்தல். எட்டு வருஷமா ஒண்ணு விடாம ஓட்டுப் போட்டிருக்கீங்க."

"எட்டு வருஷமா நான் ஓட்டே போடலைம்மா! உறை வரும், சமையல் மேசைல போடுவேன், அதோட சரி!" சொன்ன பிறகுதான் பனியன் மேல் அவளுடைய பார்வை போவதைக் கவனித்தார்.

"சரி சார். இந்த வருஷ ஓட்டையாவது காப்பாத்தலாம். நீங்கதான் நீங்கன்னு நிரூபிச்சாப் போதும். அட்டை எங்கே?"

பர்டெட் பின் பாக்கெட்டைத் தடவினார். முன் பாக்கெட்டைத் தடவினார். பணப்பை டயர் கடையில், வேலை உடுப்பில் இருந்தது.

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ஒரு தாள் குடும்மா. அந்தப் பழைய கையெழுத்து மாதிரியே போட்டுக் காட்டறேன், பொருந்திடும்" என்று பேனாவை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு வாலைச் சுருட்ட ஆரம்பித்தார். மூன்றாவது முயற்சியில் வாசலில் நின்ற காவலர் ஹோல்ட் பக்கத்தில் வந்துவிட்டார்.

"சார், அதுக்குப் பேரு போலிக் கையெழுத்து."

பேனா கையைச் சுட்டது போல பர்டெட் அதைக் கீழே வைத்தார். பிறகு மனைவிக்குப் போன் போட்டார். "லொரீன், கடையில என் பணப்பை இருக்கு. எடுத்துக்கிட்டு உடனே வா. எட்டு வருஷமா ஒருத்தன் என் பேர்ல ஓட்டுப் போட்டிருக்கான்!"

"வர்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லாத" என்றாள்.

காத்திருந்த நேரத்தில் ஹோல்ட்டிடம் புகார் எழுதச் சொன்னார். யார் மேல் சந்தேகம் என்று கேட்டபோது லைல் பெயரைச் சொன்னார். ஹோல்ட் லைலைப் போனில் கூப்பிட்டார். நாற்பது மைல் தாண்டி வர மாட்டான் என்று பர்டெட் நினைத்தார். லைல் கிளம்பிவிட்டார்.

நாலு ஐம்பதுக்கு லொரீன் பணப்பையோடு வந்தாள். ஈனெஸ் அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், புதிதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

"முடிஞ்சது சார். இந்த ஓட்டு எண்ணப்படும்."

பர்டெட்டுக்குக் கண் கலங்கியது. டெஸ்ஸுக்கு 'சேர்ந்துவிட்டது' என்று செய்தி அனுப்பினார். மூன்று முறை தப்பாகத் தட்டித்தான் அனுப்ப முடிந்தது.

"எண்ணியாச்சுல்ல, வா வீட்டுக்குப் போலாம்" என்றாள் லொரீன்.

"எங்க போறது? முதல்ல திருடனைப் பிடிக்கணும். உள்ள தள்ளாம விடமாட்டேன்."

"நான் கார்ல இருக்கேன்" என்று அவள் வெளியே போனாள். அவள் போன கதவிலேயே லைல் உள்ளே வந்தார்.

ஹோல்ட் தாளை நீட்டினார். லைல் கையெழுத்துப் போட்டார். இடக்கைக்காரர், எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்தது போல இருந்தது. திரையில் இருந்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"நீங்க இல்லை" என்றார் ஹோல்ட். "மன்னிச்சுக்கங்க. சார், வேற யார் மேலயாவது சந்தேகம்?"

"யாரா இருந்தாலும் விடாதீங்க! அந்த நாலையும் அச்செடுத்துக் குடுங்க, ஊர் முழுக்க ஒட்டறேன்!"

ஈனெஸ் அச்செடுக்க எழுந்தாள். ஹோல்ட் புகார்த் தாளை எடுத்து வர உள்ளே போனார்.

லைல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். சுருண்ட வாலை நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பர்டெட்டின் தோளில் கை போட்டு, காதருகே சொன்னார்:

"சத்தம் போடாம கேளு. வருஷா வருஷம் உங்க ரெண்டு பேர் பேரையும் போட்டு எனக்குக் கிறிஸ்துமஸ் அட்டை வருதே, அதுல உன் பேரை யாருய்யா எழுதறது?"