ஊசியக்கா சும்மா அந்தமான் போன கதை

அதியமான்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஊசியக்காவின் கை படாத இடுப்பு என்று ஒன்று இருந்தால், அது இன்னும் பிறக்காத குழந்தையினுடையதாகத்தான் இருக்கும். ஊராட்சித் தேர்தலில் ஜெயித்தவரும் சரி, தோற்றவரும் சரி, எங்கள் கிளினிக்கின் பச்சைத் திரைக்குப் பின்னால் வேட்டியைத் தளர்த்திக்கொண்டு நின்றவர்கள்தான். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கடைவீதியில் அக்காவைக் கண்டால் அவர் கை தானாகப் போய் இடுப்பைத் தடவிக்கொள்ளும்.

நெடுஞ்சாலை ஓரத்துக் கிளினிக்கில் அக்கா நர்ஸ், நான் மருந்துக் கவுண்டர். அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளம் கொடுக்கிற டாக்டருக்கே அது ஞாபகம் இல்லை.

அக்கா ஊசி போடும் முறையே தனி. "பொண்ணுக்கு மாப்ள அமைஞ்சுதுங்களா?" என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். ஒருமுறை ஆறடி உயர லாரி டிரைவர் ஒருவர், "எனக்கு ஊசின்னா பயமுங்க" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். "பயப்படுங்க, யாரு வேணாங்கறா. திரும்பி நின்னு பயப்படுங்க" என்றார் அக்கா. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அன்றைக்கு மட்டும் ஊசி கொஞ்சம் அதிகமாக வலித்தது.

ஊருக்கெல்லாம் "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்புகிற அக்கா, தான் ரெஸ்ட் எடுத்து நான் பார்த்ததில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறார். தலை முழுக்க நரைத்த பிறகும் அங்கே அவருக்குப் பெயர் பாப்பா. பாப்பா லீவு போட்டால் சொந்தத்தில் எங்கோ விசேஷம் என்று அர்த்தம். பந்தல் போட்டதிலிருந்து பாத்திரம் திருப்பிக் கொடுக்கும் வரைக்கும் சமையல்காரர்களை விரட்டிக்கொண்டு அடுப்புப் பக்கமே நிற்பார். விசேஷத்து போட்டோ எதிலும் அவர் இருக்க மாட்டார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மத்தியானம், கொள்ளு ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே, "அடியே, நான் அந்தமான் போறன். நீயும் வர்றியா?" என்றார்.

"அங்க எதுக்குங்கக்கா?"

"சும்மா."

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. எங்கள் மாவட்டத்தில் யாரும் சும்மா கிளம்ப மாட்டோம். கல்யாணம், சாவு, கோர்ட்டு, ஆஸ்பத்திரி, வேண்டுதல் என்று ஏதாவது ஒரு காரியம் இருந்தால்தான் பையைத் தூக்குவோம். இங்கே இருக்கிற ஒகேனக்கல்லுக்குப் போனால்கூட, எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறோம் என்போம். அருவி பார்க்கப் போகிறோம் என்று வாயால் சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அதிலும் ஒரு பொம்பளை, புருஷன் பிள்ளை யாரும் இல்லாமல், கப்பலும் விமானமும் ஏறிச் சும்மா போகிறாள் என்றால் ஊர் என்ன நினைக்கும்? அக்காவுக்கு ஏதோ தீராத வியாதி, கடைசி ஆசைக்குப் போகிறார் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து சாத்துக்குடி வர ஆரம்பித்தது. சாத்துக்குடியோடு பிரெட்டு, பிரெட்டோடு இளநீர். என் கவுண்டரில் மாத்திரை வைக்க இடமில்லை. கம்பைநல்லூரிலிருந்து ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தன பேர எழுப்பி உட்கார வச்ச கை, உங்களுக்காங்க இப்படி வரணும்?" என்று கதறினார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று எவ்வளவோ சொல்லியும் அழுகை நிற்கவில்லை. கடைசியில் அக்கா அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு சத்து ஊசி போட்டு அனுப்பினார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடச் சொல்லும்மா" என்றார். படித்த மனுஷன் பேசுகிற பேச்சு.

அக்கா போகிற மாதா கோயிலின் பங்குச்சாமியார் வந்தார். அவருக்கு மட்டும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. "வேளாங்கண்ணிக்குத்தானே போறீங்க? யாரோ மாத்திச் சொல்லிட்டாங்கபோல" என்றார். அக்கா, "இல்லீங்க சாமி, அந்தமானுக்கு" என்றதும், அக்காவின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "அக்கா, வேளாங்கண்ணின்னே சொல்லிடுங்களேன். ஊரு வாயும் மூடும், நாமளும் போயிட்டு வந்துரலாம்" என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் இடுப்பு வலித்தது.

"மாதா பேரச் சொல்லி நான் எதுக்குடி பொய் சொல்லணும்? வேலைக்கு வந்த நாள்ல இருந்து காரியம் காரியம்னு அலைஞ்சிட்டேன். ஒரு தடவ காரியமில்லாம போறன். பொய் சொல்லிட்டுப் போனா அது லீவு இல்ல, திருட்டு."

ஊர் பேசினது பெரிதில்லை. அண்ணன் பேசினதுதான் பெரிசு. முதலில் அவர் சிரித்திருக்கிறார். "அந்தமானுக்கு வெள்ளக்காரன் கைதியத்தான் அனுப்புவான். நீ என்ன பாப்பா தப்பு பண்ண?" என்று கேட்டிருக்கிறார். டிக்கெட்டைக் கண்ணால் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்கு மேல் புதிதாகக் கட்டிய மாடியை ஜெபம் பண்ணி மந்திரிக்கப் பங்குச்சாமியாரிடம் அதுவரை தேதியே கேட்காத மனுஷன், சரியாக நாங்கள் அந்தமானில் இருக்கும் நாளாகப் பார்த்துத் தேதி வாங்கிவிட்டார். ஊர் முழுக்கச் சாப்பாடு.

"நீ இல்லாம யாரு அடுப்பப் பாக்கறது? விசேசத்துக்கு இல்லாதவ அப்புறம் இந்த வூட்டு வாசல மிதிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டாராம். அக்கா இதைச் சிரிஞ்சு உறையைப் பிரித்தபடியே என்னிடம் சொன்னார். அக்காவுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது.

"தேதிய மாத்திக்கலாமுங்களாக்கா?" என்றேன்.

"நான் டிக்கெட் போட்டப்புறம் அவரு தேதி வச்சாரு. யாருடி மாத்தணும்?"

இதற்கு மேல் என்ன சொல்ல. என் வீட்டில் வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "அதுவரைக்கும் சோறு?" ஆக்குங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அக்கா கொடுத்த தைரியம்தான்.

போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் ஒரு சின்னத் தீவு. தென்னைமரம், வெள்ளை மணல், ஓலை வேய்ந்த குடில். ரிசார்ட் மேனேஜர் தமிழ்க்காரர். மீன் பார்க்க முகமூடி போட்டுக் கடலில் இறங்கலாம், துடுப்புப் படகு விடலாம், மசாஜ் செய்துகொள்ளலாம், தொங்கும் வலை ஊஞ்சலில் படுக்கலாம் என்று வரிசையாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "இதுல எது கட்டாயம்?" என்றார்.

"எதுவும் கட்டாயம் இல்லீங்க மேடம்."

அக்காவுக்கு அது புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு வார்த்தையை அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை போலும்.

விடிந்ததும் பார்க்கிறேன், அக்கா ஈர்க்குமாறும் கையுமாகக் கடற்கரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். கடற்கரையை. ரிசார்ட்டுக்காரர்கள் துடைப்பத்தைப் பிடுங்கப் பார்க்க, இவர் விடவில்லை. காலைப் பலகாரத்துக்குள் பவளப்பாறை கிழித்த ஒரு வெள்ளைக்காரனின் காலுக்குக் கட்டுப் போட்டாயிற்று. வெயில் ஏறுவதற்குள் தென்னைமரத்தடியில், கையோடு கொண்டுவந்திருந்த பிரஷர் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிரே டூரிஸ்ட்டுகள் வரிசை. பாஷை ஒன்றும் தெரியாது. ஆனால் குஜராத்தி அம்மா ஒருவரிடம் ஊறுகாயை விடச் சொல்லி அக்கா மிரட்டுகிறார், அந்த அம்மாவும் தலையாட்டுகிறார்.

எனக்கு வந்ததே கோபம். "பிள்ளைங்கள விட்டுட்டு நான் இவ்ளோ தூரம் வந்தது உங்களுக்கு டோக்கன் குடுக்கறதுக்குங்களா? பெரிசா அண்ணன எதுத்துகிட்டு வந்தீங்க. இதுக்கு அங்கயே வெங்காயம் உரிச்சிருக்கலாம்ல?" என்று வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே கத்திவிட்டேன்.

அக்கா மெஷினைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

"சும்மா எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியலடி" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு.

அப்புறம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தோம். வலை ஊஞ்சலில் ஏறியதும் அக்கா அந்தப் பக்கமாக விழுந்தார். மறுபடி ஏறி இந்தப் பக்கமாக விழுந்தார். மேனேஜர் ஓடிவந்து, "வேணாங்க மேடம், நாற்காலி போடறேன்" என்றதற்கு, "நான் இதுலதான் படுப்பேன். நீங்க போங்க" என்று முறைத்துவிட்டு ஏறிப் படுத்தேவிட்டார். மசாஜ் அறையில் வேலை செய்யும் பெண் கையைத் தொட்டதும், நரம்பு எங்கே ஓடுகிறது என்று அவளுக்குப் பாடம் எடுத்தார். பிறகு பாடம் நின்றது. எட்டிப் பார்த்தால் குறட்டை. வெளியே வந்து, "என் கைய யாரும் இப்படிப் புடிச்சு விட்டதில்லடி" என்றார், ஏதோ புது மருந்தைப் பற்றிச் சொல்வதுபோல.

கடலுக்கு மட்டும் இரண்டு பேருமே பயந்தோம். கிணற்றில்கூட நீந்தத் தெரியாத ஜென்மங்கள். நைட்டிக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் கட்டிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் நசுக்கியபடி இடுப்பளவுத் தண்ணீர் வரைக்கும் போனோம். அக்கா கண்ணாடி முகமூடியை மாட்டி, சிலுவை போட்டுக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டார். நிமிரவே இல்லை. நான் கத்த ஆரம்பித்த பிறகுதான் தலையைத் தூக்கினார்.

"அடியே, உள்ள நம்ம பஸ் ஸ்டாண்டு கூட்டம் இருக்குதுடி. ஊதா, மஞ்சளு, வரி போட்டது. இத்தன பேரு போறாங்க வர்றாங்க, ஒருத்தன் ஆரன் அடிக்கல பாரு."

மந்திரிப்பு நாளன்று காலையிலிருந்தே அக்கா போனைப் பார்ப்பதும் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தார். வலை ஊஞ்சலில் படுத்திருந்தபோது அது அடித்தது. அண்ணன். ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம்.

"பாப்பா, சமையல்காரன் கேக்கறான். கறிக்கு எவ்ளோ வெங்காயம், அரிசி எவ்ளோ ஊற வைக்கறதுன்னு. சீக்கிரம் சொல்லு."

அக்காவுக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணா, நான் லீவுல இருக்கேனுங்க."

"அப்ப இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத" என்றார் அண்ணன்.

"சரிங்கண்ணா" என்று அக்கா போனை வைத்தார்.

"திரும்பக் கூப்பிட்டு அளவச் சொல்லிடுங்கக்கா, சண்ட வேணாம்" என்றேன். அக்கா எழுந்து மிதவைச் சட்டையை எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தார். இந்தத் தடவை என் கையைப் பிடிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பினதும் நான் என் வீட்டுக்குப் போகவில்லை. அக்காவோடு அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். சண்டை வந்தால் நானும் இரண்டு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான். கேட்டுக்கு உள்ளே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"யாரும் உள்ள வர வேணாம்" என்றார் சுவரைப் பார்த்து.

அக்கா கேட்டைத் தொடவில்லை. பையைக் கீழே வைக்கவும் இல்லை. உள்ளேயிருந்து அண்ணி வந்தார். அண்ணன் மனைவி. அதுவரைக்கும் அவர் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. கையில் விளக்குமாறு இருந்தது. நேராக வந்து கேட்டைத் திறந்தார்.

"இந்த வாசல நான் வாக்கப்பட்டு வந்த நாளா கூட்டிட்டு இருக்கறேன். யாரு மிதிக்கலாம், யாரு மிதிக்கக் கூடாதுன்னு நானும் சொல்லலாமில்ல? உள்ள வா பாப்பா."

அண்ணன் வாயைத் திறந்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "சோறு பத்தல, கறில உப்பு அள்ளிக் கொட்டிட்டான், சாமியாரு தண்ணியா குடிச்சாரு. ஒருத்தரும் சாவல" என்று அவருக்கும் சேர்த்துச் சொன்னார். அக்காவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த மீனெல்லாம் நெசமாவே கலர் கலராவா இருக்குது?" என்று கேட்டார். அக்கா வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன் சில மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் இருந்தாரே தவிர, போகச் சொல்லவும் இல்லை. இப்போது மறுபடி டிக்கெட் போட்டு, இந்த வாரம் அக்கா அந்தமானில் இருக்கிறார். கூடப் போயிருப்பது நான் இல்லை, அண்ணி. எனக்கு எரிச்சல்தான், இல்லையென்று சொன்னால் பொய். அக்கா இடத்தில் ஊசி போட வந்திருக்கும் பெண் அவ்வளவு பதமாகப் போடுகிறாள், யாருக்கும் வலிப்பதில்லை, ஒருத்தர் முகத்திலும் திருப்தி இல்லை. கிளினிக்குக்குக் காலையில் கிளம்பவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சீக்கிரம் வந்துவிடாதீர்கள், அக்கா.