கண்ணில் படாதவருக்கு எழுந்து நின்ற கதை

லாஸ் ஏஞ்சல்ஸில் படம் எடுப்பவர்களைவிட விருது கொடுப்பவர்கள் அதிகம். வெள்ளைக்காரர்களுக்கு அவர்களுடைய விருதுகளே போதும். மற்ற நிறத்தவரான எங்களுக்கு, கறுப்பர், மெக்சிகோக்காரர், கொரியர், பிலிப்பினோ எல்லோருக்கும் சேர்த்து, முழுவண்ணக் கலை மன்றம் என்று ஒன்று உண்டு. அதன் செயலாளர் கார்வின், அடியேன்தான். புறக்கணிக்கப்பட்டவர்களைப் போற்றுவது மன்றத்தின் உயரிய நோக்கம். அதற்காக ஆண்டுதோறும் ஏற்கெனவே நன்றாகப் புகழ்பெற்ற பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துப் போற்றுவோம். பெரும்பாலும் போன வருடத்துப் பன்னிரண்டு பேரேதான்.

இதை ஒரு பத்திரிகை கிண்டலடித்துவிட்டது. மன்றத்தின் செயற்குழு அவசரமாகக் கூடி, இறால் வறுவலுக்கும் காப்பிக்கும் நடுவில், திரையில் பெயரே வராமல் உழைத்த ஒருவருக்கு "கண்ணில் படாதவர் விருது" வழங்குவதென ஏகமனதாகத் தீர்மானித்தது. அப்படி யாரையாவது தெரியுமா என்று தலைவி மரிசோல் கின்டானா கேட்டபோது ஒன்பது பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். ஓடெஸா பெட்டிவே.

ஓடெஸாக்கா முடி அலங்காரம் செய்பவள். ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு இருக்கும் அலங்காரக்காரர்களுக்கு எங்கள் சுருட்டை முடியில் சீப்பை எங்கே வைப்பதென்று தெரியாது. அதனால் எங்கள் நடிகர்கள் தங்கள் ஆளைத் தாங்களே கூட்டிப் போவார்கள். தொழிற்சங்க அட்டை இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், வாசலில் "இவங்க என் சித்தி" என்று சொல்லிவிடுவது வழக்கம். இருபத்தெட்டு வருடத்தில் இந்த ஊரில் பாதி நடிகர்களுக்கு ஓடெஸாக்கா சித்தியாகிவிட்டாள். காவலாளிகளும் குடும்பம் பெரிது போல என்று விட்டுவிடுவார்கள். சித்திகளின் பெயர் திரையில் வராது.

நான் போனில் விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்டது வேறு.

"விருது கெடக்கட்டும் தம்பி. அன்னிக்கு முடி வேலை யாரு பாக்கறா?"

"சங்கத்துலேர்ந்து ரெண்டு பேர் வராங்கக்கா."

"நம்ம முடி அவங்களுக்குத் தெரியுமா?"

"வீடியோ பாத்திருக்காங்களாம்."

"கிழிஞ்சுது. என்னையும் அதுல சேத்துக்க. கடைசில டிவில ஓடுமே பேரு லிஸ்ட்டு, அதுல என் பேரு வரணும். அவ்ளோதான்."

விஷயம் இதுதான். சங்க அட்டைக்கு அறுபது நாள் வேலை வேண்டும். கடிதம், சாட்சி எதுவும் செல்லாது, திரையில் ஓடிய பெயர்தான் கணக்கு. எப்போதோ சில புண்ணியவான்கள் பெயர் போட்டதில் ஓடெஸாக்காவிடம் ஐம்பத்தொன்பது நாள் இருந்தது. அட்டை வந்தால் மருத்துவக் காப்பீடு வரும். காப்பீடு வந்தால் வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. பின்னல் போட்டுப் போட்டே வீங்கிய மணிக்கட்டு அது. இன்னும் ஆறு மாதம் விட்டால் விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

செயற்குழுவில் சொன்னேன். கின்டானா கண்ணாடியைக் கழற்றினார்.

"பேரு டிவில வந்தா அவங்க கண்ணுல பட்டுடுவாங்களே. கண்ணுல பட்டவங்களுக்கு எப்படிக் கண்ணில் படாதவர் விருது குடுக்கறது?"

"விருதே வேணாம், பேரைப் போட்டா போதும்கறாங்க."

அறையே அதிர்ந்தது.

"கார்வின், ஒரு கறுப்பினத் தாயை மேடைலேர்ந்து எறக்கி, முடி வாரிவிடச் சொல்றியா?"

"மேடம், அவங்க பண்றதே அந்த வேலைதான்."

"அந்த இழிவைத்தானே தொடைக்கப் பாக்கறோம்!"

இத்தோடு விடவில்லை. அவள் மேடைக்கு வந்தாலும் கேமராவில் பட்டுவிடுவாளே என்று ஒரு உறுப்பினர் ஐயம் எழுப்பினார். எனவே மேடையில் காலி நாற்காலி ஒன்றைப் போட்டு, அதன்மேல் விளக்கடித்து, விருதை அதற்கே வழங்குவதெனவும், விருது பெறுபவரின் பெயரை எவ்விடத்தும் உச்சரிக்கலாகாதெனவும் தீர்மானம் நிறைவேறியது. வந்திருப்பவர்கள் எல்லோரும் நெஞ்சில் கண் வடிவத் தங்க ஊசி குத்திக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு தீர்மானம். பாரிஸில் செய்தது. பார்வையைக் குறிக்கிறதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கும் தெரியாமல், பெயர்ப் பட்டியலில் பூ அலங்காரத்துக்கும் கார் நிறுத்தத்துக்கும் நடுவில் ஓடெஸா பெட்டிவே என்று நானே அடித்துச் சேர்த்தேன். அந்தப் பட்டியலைக் கின்டானா படிக்கமாட்டார். உச்சியில் தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

விழா நாள் மத்தியானம், வீடியோ பார்த்த நிபுணர்களில் ஒருவர் நடிகை சபைன் டெல்க்ரோவின் முன்முடியைச் சூட்டுக் கம்பியால் பொசுக்கிவிட்டார். சபைன் போட்ட சத்தம் கார் நிறுத்தம் வரைக்கும் கேட்டது.

"எங்க சித்திய வரச் சொல்லுங்கடா!"

சித்தி சமையலறை வாசல் வழியாக வந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. சபைனில் ஆரம்பித்து வரிசையாகப் பதினோரு தலை. நடுவில் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி.

"லிஸ்ட்ல இருக்கேன்ல?"

"இருக்கீங்கக்கா. என் கையாலயே போட்டேன்."

"அப்ப வலிக்கல போ."

நேரடி ஒளிபரப்பு எட்டு மணிக்கு டாண் என்று முடிந்தாக வேண்டும். அதில் கடைசி ஒன்றரை நிமிடம் பெயர்ப் பட்டியலுக்கு. அதற்கு முன்னால் கடைசி விருது, காலி நாற்காலிக்கு. சபைன் புது முடியும் ஈரக் கண்களுமாக வந்து நின்று, "உங்களை நாங்க பாக்கறோம்!" என்றாள். சமையலறையில் இருந்த ஒரு சின்ன டிவியில் ஓடெஸாக்கா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் எழுந்தது. கைதட்டியது. கேமரா வரிசை வரிசையாக முகங்களைக் காட்டியது. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டாயிற்று. இனி உட்கார வேண்டியதுதான். ஆனால் முதலில் உட்காருவது யார்? கண்ணில் படாதவருக்காக மூன்று நிமிடம்கூட நிற்க மனமில்லாதவன் என்று காலையில் ஊரே காறித் துப்பாதா? பக்கத்தில் இருப்பவர் உட்காரட்டும் என்று ஒவ்வொருவரும் தட்டினார்கள். பக்கத்தில் இருப்பவரும் அதற்காகவே தட்டினார். ஒரு கிழ இயக்குநர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் தொடையில் தட்டினார். நான்கு நிமிடம். ஐந்து.

ஆறாவது நிமிடத்தில் மணி எட்டு. ஒளிபரப்பு நின்றது, மாவு விளம்பரம் வந்தது. பெயர்ப் பட்டியல் ஓடவேயில்லை. கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்ததுதான் தாமதம், எண்ணூறு பேரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

சமையலறைக்கு ஓடினேன். ஓடெஸாக்கா சீப்புகளை இடது கையால் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வரலாற்றுலயே இவ்ளோ நேரம் யாருக்கும் கைதட்டினதில்லையாம்..."

"பாத்தேன். மூணாவது வரிசைல உன்னையும் காட்டினான்." பெட்டியை மூடினாள். "உனக்குத் தெரியும்லடா, லிஸ்ட்டு போயிடும்னு? நீயாவது உக்காந்திருக்கலாம்ல?"