ஏழரைக் குதிரை

தொண்ணூற்றெட்டில் திராட்சைக் காசு கைக்கு வந்த அன்று பீட்டர்ராஜ் அறிவித்தார்: "இந்தக் குடும்பத்துக்கு ஒரே எச்.பி.தான். அது கெணத்து மோட்டாரு!"

அவருக்குத் தெரிந்து எச்.பி. மூன்று. மோட்டார் தகட்டில் இருந்தால் குதிரைத் திறன். மச்சினன் டெம்போவில் இருந்தால் தவணைக் கடன். மூன்றாவது, மனைவி ஞானசெல்வி கிறிஸ்துமஸிலிருந்து கேட்டுவந்த எச்.பி. கம்பெனி கேஸ் சிலிண்டர்.

"நான் இருக்கிற வரைக்கும் கேஸ் கெடையாது. வெறகடுப்பு ருசி அதுல வருமா?"

"சரிங்க" என்றாள். ஈஸ்டருக்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை. பீட்டர்ராஜ் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஏழரை எச்.பி. மோட்டார் தண்ணீரைக் கொட்டிய அன்று, அதை மாட்டிய மெக்கானிக் சண்முகராஜுக்கு வீட்டில் கோழிக்குழம்பு.

"ஏங்க, இரும்பு மோட்டாருக்கு எதுக்குக் குதிரை பேரு?" பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"சீமையில ஒருத்தன் இன்ஜின் செஞ்சான். எல்லாரும் குதிரையத்தான் நம்பிக் கெடந்தாக. என் இன்ஜின் இத்தனை குதிரைக்குச் சமம்னான். வித்துருச்சு! சனம் நம்புற பேரச் சொல்லணும்டி."

"வெவரமான ஆளுதான்."

"குழம்பு எப்படிண்ணே? வெறகடுப்பு! கொஞ்ச நாளா ருசி இன்னும் தூக்கல்" என்றார் பீட்டர்ராஜ், சண்முகராஜிடம்.

சண்முகராஜ் எலும்பைக் கடித்தபடி தலையாட்டினார்.

குழம்பு தீர்ந்தது. எடுத்துவரப் போன ஞானசெல்வியைக் காணோம். பீட்டர்ராஜே அடுப்படிக்குள் போனார். அடுப்புக்குள் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

பின்வாசலில் நின்று பார்த்தார். பக்கத்து வீட்டு மலையம்மாளின் சமையலறையிலிருந்து, கொதிக்கும் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு ஞானசெல்வி வந்தாள். அவளுக்குப் பின்னால், அந்தச் சமையலறைக்குள், சிவப்பாக ஒரு சிலிண்டர்.

"யாருதுடி அது?"

"நம்மளதுதான். ஈஸ்டருக்கு எங்கண்ணன் வாங்கிக் குடுத்தாக."

"ஈஸ்டர்லருந்தா? அப்ப தெனமும் வந்த பொகை?"

"வெந்நி போட்டேன்."

"என்னையவே ஏமாத்திட்டயா?"

"வெறகுன்னாத்தான நீங்க சாப்பிடுவீக. சீமைக்காரன் குதிரைன்னான், நான் வெறகுன்னேன்."

"அந்தச் சிலிண்டரு இந்த வாசப்படி ஏறாது!"

"வேணாம். அங்கனயே இருக்கட்டும். உங்க சோறும் அங்கனயே இருக்கட்டும்."

உள்ளேயிருந்து சண்முகராஜின் குரல்: "அண்ணே, அந்த வெறகடுப்புக் குழம்பு இன்னும் கொஞ்சம்!"

பீட்டர்ராஜ் சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் மலையம்மாள் வீட்டிலிருந்து சிலிண்டரைத் தோளில் சுமந்து வாசப்படி ஏறியது மீசை வைத்த ஒரே ஒரு குதிரைதான்.